ஓவர்மாரோவுக்கு ஒரு மேற்கோள்

அந்த ஆபீசில் ஆளுக்கு ஓர் எழுத்து. ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தமிழில் சொல்லும் பேரகராதி ஒன்று அங்கே முப்பத்தோரு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. எந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தது, எது லத்தீன் வீட்டிலிருந்து வந்தது, எது கிரேக்கத்தில் புறப்பட்டு நாலு ஊர் சுற்றி அடையாளம் தெரியாமல் வந்து சேர்ந்தது, கடைசியாக அதை யார் எப்போது எழுதினார்கள் என்று சகலமும் அதில் இருக்கும். வேலைக்குச் சேர்கிறவரிடம் ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் ஓய்வு பெறும் வரை அவர் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். நாளாக ஆக எழுத்தே பெயராகிவிடும்.

அவளுக்குக் கிடைத்தது 'என்' என்கிற ஆங்கில எழுத்து. அதனால் சின்னவர்களுக்கெல்லாம் அவள் 'என் அக்கா'. புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் இந்த ஆபீசில்தான் எத்தனை பாசம் என்று வாயைப் பிளப்பார்கள். பக்கத்து மேஜை 'ஓ'. ஓ சார் அவளுடைய கணவர். எழுத்து பக்கத்தில் இருந்ததால் மேஜை பக்கத்தில் இருந்தது, மேஜை பக்கத்தில் இருந்ததால் கல்யாணம் நடந்தது. அதற்கு மேல் அதில் காவியம் ஒன்றும் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஓ சார் பாதி சவரத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். மீதிப் பாதி முகத்தில் நுரை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் துடைத்தார்கள்.

அவள் அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை. ஊரிலிருந்து அக்கா வாராவாரம் போன் செய்து, "ஒரு பாட்டம் அழுதுடுடி, உள்ளயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் சரி, முயற்சி செய்வோம் என்று கட்டிலில் உட்கார்ந்து கணவர் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

மரத்துப் போவதற்கு ஆங்கிலத்தில் நம்ப் என்று ஒரு சொல். அவளுடைய எழுத்துதான், அவளே முடித்த சொல்தான். பழைய ஆங்கிலத்தில் நிமன் என்றால் எடுப்பது, பறிப்பது. பறிக்கப்பட்டதுதான் நாளடைவில் நம்ப் ஆனது. சுறுசுறுப்பைச் சொல்லும் நிம்பிள்கூட அதே வயிற்றுப் பிள்ளைதான், சட்டென்று எடுத்துக்கொள்கிறவன் என்ற கணக்கில். இன்னொரு குடும்பமும் அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்து விடோ, லத்தீனின் விதுவா, வடமொழி வழியாக நம்மிடம் வந்த விதவை, மூன்றும் உடன்பிறப்புகள். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்து என்ன, உடம்பில் எங்கேயும் எதுவும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய சார் அவள் மேஜைக்கே வந்தார். அகராதிக்குத் தலைவர் அவர். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் மட்டும் வம்பு.

"ஓ பகுதி நாளை மறுநாள் அச்சுக்குப் போகணும்மா. ரெண்டே ரெண்டு வேலைதான் பாக்கி. பதினொரு மேற்கோள் சீட்டு ஒத்துப் பார்க்கணும். அப்புறம் அந்தப் பட்டியல்."

பட்டியல் மூன்று வாரமாக அவளுடைய இழுப்பறையில் கிடந்தது. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் அதற்கு உழைத்தவர்களின் பெயர்கள் வரும். இறந்துபோனவர் என்றால் பெயருக்கு முன்னால் கத்தி போட வேண்டும். கத்தி என்பது ஆபீஸ் பேச்சு. குத்துவாள் மாதிரி சின்னதாக ஓர் அச்சுக்குறி. வழக்கு ஒழிந்த சொற்களுக்கும் அதே குறிதான். நூறு வருடத்துக்குள் யாரும் எழுதியதாக ஒரு மேற்கோளும் கிடைக்கவில்லை என்றால் சொல்லின் தலைமாட்டில் கத்தி ஏறிவிடும். அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் ஒபிலஸ் என்று பெயர், கிரேக்கத்தில் இறைச்சி வாட்டும் கம்பி. "கத்தியும் என் எழுத்துலதான் வருது, கத்தி போடுறவனும் நான்தான்" என்று ஓ சார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இருபது வருடத்தில் அதை ஒரு நூறு தடவை சொல்லியிருப்பார். இப்போது அவர் பெயருக்கு அவள் கத்தி போட வேண்டும். ஒரு கோடு, குறுக்கே ஒரு சின்னக் கோடு. கைக்கு என்ன கேடு என்று அவளுக்கே புரியவில்லை. பேனாவை எடுப்பாள், இழுப்பறையைச் சாத்துவாள்.

"அவர் எழுதின சீட்டை நான் ஒத்துப் பார்க்கலாமா சார்? புருஷன் எழுதினதைப் பெண்டாட்டி பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"இப்பதான் அந்தச் சிக்கல் இல்லியேம்மா" என்றார் பெரிய சார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மேஜைமேல் கிடந்த ஸ்கேலை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒத்துப் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மேற்கோள் எந்தத் தாளிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மூலத்தை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். மூலம் ஒற்றைத் தாள் என்றால் முழுத் தாளையும் வாசித்தாக வேண்டும். முன்பு யாரோ ஒரு கேலிக் கடிதத்தின் நடுவரியை மட்டும் உருவி மேற்கோளாக்கி ஆபீஸ் மானத்தை வாங்கியதிலிருந்து இந்த விதி.

அவளுக்கு வாசிப்புத் துணை, கமா அண்ணன். அவர் கமா என்று சொன்னால் அடுத்த அறையில் இருப்பவரும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார். யாராவது அவசரப்படுத்தினால் "ஒரு கமா சார்" என்று கையைக் காட்டுவார். பொறுங்கள் என்று அர்த்தம்.

பத்துச் சீட்டுகள் மதியத்துக்குள் முடிந்தன. பதினொன்றாவது, ஓவர்மாரோ.

நாளை மறுநாள் என்பதற்கான பழைய சொல் அது. ஓவரும் மாரோவும் பழைய ஆங்கிலத்து ரத்தம். ஜெர்மன்காரன் தன் பங்குக்கு அதே மாதிரி ஒரு சொல்லை இன்றும் அன்றாடம் புழங்குகிறான். ஆங்கிலேயன்தான் எங்கேயோ தொலைத்துவிட்டு நாலு வார்த்தைகளைக் கோத்துச் சமாளிக்கிறான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மேற்கோள் ஒன்றை ஓ சார் எழுதி வைத்திருந்தார். அதற்கப்புறம் எதுவும் இல்லாவிட்டால் கத்திதான். ஆனால் அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அவருடைய குண்டு எழுத்து.

'ஓவர்மாரோ வாருங்கள், நாள் முழுக்கத் தனியாகத்தான் இருப்பேன்.' தனிக் கடிதம், மார்ச் 9. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. மூலம்: உறை 212.

தனிக் கடிதங்களும் மேற்கோளாகும். ஆனால் கடிதத்தை உறையில் போட்டு முத்திரை வைத்து இரும்பு அலமாரியில் சேர்த்துவிட வேண்டும். கமா அண்ணன் போய் எடுத்து வந்தார். அவள் உறையைப் பிரித்தாள். ஒரே தாள், பச்சை மை. ஆங்கிலக் கடிதம். நாலாயிரம் தடவை செய்த வேலை ஆனதால் அர்த்தத்தைப் பார்க்காமலே வாய் வாசிக்கத் தொடங்கிவிட்டது.

"அன்புள்ள ஓ சாருக்கு கமா. நாளைக்கு அடுத்த நாளைச் சொல்ல ஆங்கிலத்துக்கு நாலு வார்த்தை வேண்டியிருக்கிறதே என்று போன வாரம் வருத்தப்பட்டீர்கள் முற்றுப்புள்ளி. ஒரே வார்த்தையில் நான் சொல்கிறேன் முற்றுப்புள்ளி. ஓவர்மாரோ வாருங்கள் கமா நாள் முழுக்கத் தனியாகத்தான் இருப்பேன் முற்றுப்புள்ளி."

"சரி" என்றார் கமா அண்ணன், சீட்டில் விரலை வைத்தபடி.

"உங்கள் மனைவி அன்று காலை ரயிலில் போகிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் முற்றுப்புள்ளி. மூன்று வருடமாக உங்களுக்குச் சீட்டுகள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன் கமா சீட்டுகளுக்காக அல்ல முற்றுப்புள்ளி. இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை முற்றுப்புள்ளி. காத்திருப்பேன் முற்றுப்புள்ளி. கீழே ரெண்டு முன்னெழுத்து."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. வாசித்து முடித்துத் தாளை வைத்தாள். கமா அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

முன்னெழுத்துகளே தேவையில்லை. அந்தப் பச்சை மை அவளுக்குத் தெரியும். ஆபீசுக்கு வெளியிலிருந்து புத்தகங்களை வாசித்து, பழைய சொற்களைக் கண்டால் சீட்டு எழுதி அனுப்புகிற வெளி வாசகர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களில் ஒருவர் இந்தப் பச்சை மைப் பெண்மணி, லத்தீன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லித் தருகிறவர். ஓ சார் இறந்த அன்று வீட்டுக்கு வந்திருந்தார். உச்சி வேளையிலிருந்து நாலு மணி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களில் அசட்டுத்தனமாக எதுவும் சொல்லாத ஒரே ஆள் இவர்தான் என்று அவள் அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா" என்றார் கமா அண்ணன் மெதுவாக. "உறை கிடைக்கலன்னு எழுதிடுவோம். மூலம் இல்லன்னா மேற்கோள் இல்ல. வார்த்தைக்குக் கத்தியைப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம். யாரு கேக்கப் போறா? நான் பார்க்கல, எனக்குத் தெரியாது."

"வார்த்தை உசுரோட இருக்குண்ணா. எழுதியிருக்காங்களே."

அவள் சீட்டின் ஓரத்தில் 'ஒத்துப் பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு உறையைக் கவிழ்த்து உதறினாள். தனிக் கடிதத்திலிருந்து எடுத்தால் எழுதியவரின் சம்மதத் தாள் கூடவே இருக்க வேண்டும். இல்லை. ஒரு கமாவுக்காக மூன்று நூலகம் ஏறி இறங்குகிற மனுஷன், பன்னிரண்டு வருடமாக ஒரு சம்மதத் தாள் வாங்காமல் விட்டிருக்கிறார். சம்மதம் இல்லாமல் அச்சுக்குப் போகாது. யாராவது கேட்டு வாங்க வேண்டும். 'ஓ' இப்போது அவளுடைய பொறுப்பு.

மாலையில் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு மார்ச் பதினொன்றை நினைத்துப் பார்த்தாள். ஒன்பதுக்கு மறுநாள் பத்து, அதற்கு மறுநாள் பதினொன்று. அக்காவின் பிரசவத்துக்கு அவள் புறப்பட்ட நாள். பையன் பதின்மூன்றாம் தேதி பிறந்தான், தேதி தப்ப வழியே இல்லை. ஓ சார்தான் ரயில் நிலையத்துக்கு வந்தார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். ஜன்னல் ஓரத்தில் உட்காரச் சொன்னார். நாலு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். "நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாம போ" என்றார். என்ன பார்த்துக்கொண்டாரோ!

இந்த இடத்தில் கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வயிறு எரிய வேண்டும், பாத்திரம் ஏதாவது பறக்க வேண்டும். மற்றவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. அவள் காத்திருந்து பார்த்தாள். காபி ஆறியது. ஆறிய காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வலிக்கவில்லையே என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இதற்கும் வலிக்காவிட்டால் இனிமேல் எதற்கு வலிக்கும்?

புதன்கிழமை காலை ஆபீஸ் போனிலிருந்தே டீச்சரைக் கூப்பிட்டாள். கமா அண்ணன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள்.

"டீச்சர், அகராதி ஆபீஸ்லேருந்து பேசறேன். ஓ பகுதியில உங்க கடிதத்துலேருந்து ஒரு மேற்கோள் எடுத்திருக்கு. போடணும்னா உங்க சம்மதம் வேணும்."

"என் கடிதமா? எந்தக் கடிதம்?"

"மார்ச் ஒன்பது. ஓவர்மாரோ."

அந்தப் பக்கம் எங்கேயோ பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"அதை... அவரு வெச்சிருந்தாரா?"

"முத்திரை வெச்ச உறையில போட்டு, நம்பர் குடுத்து, இரும்பு அலமாரியில வெச்சிருந்தாரு."

"நீங்க படிச்சீங்களா?"

"சத்தமா படிச்சேன். அதுதான் முறை."

டீச்சர் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. "வேண்டாம்னு சொல்லட்டுமா? சொன்னா என்ன ஆகும்?"

"நூறு வருஷத்துக்குள்ள அந்த வார்த்தைக்கு வேற ஆதாரம் இல்ல. கத்தி போட்டுடுவோம். உங்க பேரு வராது, தனிக் கடிதம்னு மட்டும்தான் வரும்." பிறகு அதே குரலில் கேட்டாள், எந்தச் சொல்லைப் பற்றியும் கேட்கிற அதே கேள்வி. "கடைசித் தேதி என்ன டீச்சர்? எதுவரைக்கும்?"

"எது எதுவரைக்கும்?"

"நீங்க ரெண்டு பேரும்."

"ஐயோ, இல்லம்மா" என்றார் டீச்சர். "அவர் வரல. அன்னைக்கும் வரல, என்னைக்கும் வரல. சமைச்சு வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்து உக்காந்திருந்தேன். மறுநாள் தபால்ல ஒரு அட்டை வந்துச்சு. உங்க ஆபீஸ் அட்டை. மேற்கோள் கிடைத்தது, நன்றின்னு அச்சடிச்சு இருக்குமே, அது."

கமா அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அதை நீங்க சொன்னா நான் ஏத்துக்க முடியாது டீச்சர்" என்றாள். "பார்க்காம நாங்க எதையும் ஏத்துக்கறதில்ல."

"கொண்டு வரேன்" என்றார் டீச்சர்.

போனை வைத்துவிட்டு அவள் மூன்று வாரமாகச் சாத்தி வைத்த இழுப்பறையை இழுத்துப் பட்டியலை வெளியே எடுத்தாள். வெளி வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எத்தனை சீட்டு என்று அதில் இருக்கும். லத்தீன் டீச்சருக்கு மூன்று வருடம், நானூற்றுப் பன்னிரண்டு சீட்டு. கடைசி வருடம், கடிதம் வந்த அதே வருடம். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிச் சீட்டு ஓவர்மாரோதான், மார்ச் பத்தாம் தேதி எண் போட்டுப் பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. அதை நம்பலாமா, கூடாதா? சீட்டு நின்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு சான்றை வைத்து அவள் எந்தச் சொல்லையும் முடித்ததில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். உயரமான, ஒல்லியான பெண்மணி. நரையை மறைக்கவில்லை. பெரிய சார் தம் அறை வாசலில் நின்றுகொண்டு அச்சுக்கூடத்து வண்டி வந்துவிட்டது, வண்டி வந்துவிட்டது என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஓர் அகராதியை எடுத்தார். அதன் நடுவிலிருந்து அட்டையை எடுத்தார். பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருந்திருக்க வேண்டும், புத்தகத்தின் இரண்டு பக்கங்களிலும் அதன் நிழல் மஞ்சளாகப் படிந்திருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். இந்த அட்டைகளை ஆயிரக்கணக்கில் அவளே முகவரி எழுதி அனுப்பியிருக்கிறாள். இரண்டே வரி அச்சு. 'தாங்கள் அனுப்பிய' என்பதற்கும் 'என்ற சொல்லுக்கான மேற்கோள் கிடைத்தது, நன்றி' என்பதற்கும் நடுவே கோடிட்ட இடம். அதில் ஓவர்மாரோ என்று குண்டு எழுத்து. மார்ச் 10 என்று தேதி, கையெழுத்து, பதிவு எண். பதிவுப் புத்தகத்தில் கண்ட அதே எண்.

இரண்டாவது வரி, 'இதுபோல் மேலும் அனுப்பி உதவக் கேட்டுக்கொள்கிறோம்.' அதை அடித்திருந்தது. ஸ்கேல் வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை.

"இது யாரு அடிச்சது?"

"வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்றார் டீச்சர். "அதைப் பார்த்துதான் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு சீட்டுகூட அனுப்பல. உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்குக்கூட இதைச் சொல்லலாமா வேண்டாமான்னுதான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். தைரியம் வரல."

ஓ சார் எதையும் வெறுங்கையால் அடிக்க மாட்டார். பால்காரனுக்கு எழுதி வைக்கிற துண்டுச் சீட்டில்கூட ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார், இரண்டு கோடு. "கையால அடிச்சா கோவம் தெரியும்" என்பார். அவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் பத்தாம் தேதி வந்திருக்கிறது. இதோ இந்தப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். படித்திருக்கிறார். ஒரு பெண் வா என்கிறாள். இந்த மனுஷன் என்ன செய்திருக்கிறார்? அடடா, நூறு வருடத்துக்குள் ஒரு மேற்கோள் என்று சீட்டை எடுத்திருக்கிறார்! எழுதி, எண் போட்டு, மூலத்தை உறையிலிட்டு, முத்திரை வைத்து, நன்றி அட்டையை எடுத்து, ஸ்கேலையும் எடுத்திருக்கிறார். சம்மதத் தாளை மட்டும் எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டிருக்கிறார். மறுநாள் காலை நாலு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதமாக யார் யாரோ வந்து சொன்ன ஓ சார் யாரோ ஒரு உத்தமர், தங்கமான மனிதர். அவரை அவளுக்குத் தெரியாது. இது அவர்தான். அச்சு அசலாக அவரேதான், சட்டையும் ஸ்கேலுமாக. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று கமா அண்ணனுக்குத் தெரியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, ஆபீஸ் என்றும் பாராமல், ஓவென்று அழுதாள்.

"ஒரு வார்த்தை சொன்னாரா? பன்னெண்டு வருஷம், இதோ இந்த அலமாரியில வெச்சுட்டு, ஒரு வார்த்தை! பாவி மனுஷன்... இப்படிப் பாதி சவரத்துல போயிட்டாரே."

டீச்சர் அன்று போலவே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கோபம்தான். நன்றாக, சுடச்சுட, வயிற்றிலிருந்து வந்த கோபம். யார்மேல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது பொழுதில்லை. டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை, அதுவரை சந்தோஷம்.

சத்தம் கேட்டுப் பெரிய சார் ஓடி வந்தார். "என்ன, என்னம்மா ஆச்சு, வண்டி வேற..."

"ஒரு கமா சார்" என்றார் கமா அண்ணன். எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் கமா இருபது நிமிஷம் நீண்டது. அச்சுக்கூடத்து வண்டிக்காரர் கீழே இரண்டு தடவை டீ குடித்தார்.

அழுது தீர்ந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கு அடைத்திருந்தது, தலை வலித்தது. விரல் நுனியெல்லாம் சுரீர் சுரீர் என்றது, வெகு நேரம் ஒரே பக்கமாகப் படுத்த கை விழித்துக்கொள்கிற மாதிரி. சம்மதத் தாளை எடுத்து டீச்சர் முன்னால் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க."

டீச்சர் பச்சை மையில் போட்டார். பிறகு தயங்கினார். "அந்த அட்டை... நீங்க வெச்சுக்கணுமா?"

அவள் அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். அந்த இரண்டு கோட்டையும் கட்டை விரலால் ஒரு முறை தடவினாள். அது அவளுக்கு வேண்டும்தான், உயிரைக் கொடுத்தாவது வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவளுக்கு எழுதியது இல்லை.

"உங்களுக்கு வந்தது. நீங்களே வெச்சுக்கோங்க" என்று நீட்டினாள்.

டீச்சர் அதை மறுபடியும் அகராதியின் அதே மஞ்சள் பக்கத்தில் வைத்து மூடினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். கமா அண்ணன் நகர்ந்து வழிவிட்டார்.

அவள் பட்டியலை முன்னால் போட்டுக்கொண்டாள். கணவர் பெயரைத் தேடவே வேண்டாம், அதுதான் முதல் வரி. பக்கத்து மேஜைக்குக் கையை நீட்டி அவருடைய ஸ்கேலை எடுத்தாள். பெயருக்கு முன்னால் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு. ஸ்கேலைத் திருப்பிக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. மை காயும் வரை ஊதினாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழப் பார்த்தது, புறங்கையால் தடுத்துவிட்டாள்.

"சார்" என்று கூப்பிட்டாள். பெரிய சார் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்து, அவர் வாயைத் திறப்பதற்குள் சீட்டுகளையும் பட்டியலையும் அவர் கையில் வைத்தாள்.

"ஓவர்மாரோவுக்குக் கத்தி வேண்டாம், அதுக்கு மேற்கோள் இருக்கு. அவருக்குப் போட்டுட்டேன்."